மருந்து கேட்காதவர்களின் வரிசை

மதலேனம்மாள் போய்விட்டார் என்ற செய்தி களத்துக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் நெல் தூற்றிக்கொண்டிருந்தோம். கிருமாம்பாக்கத்திலிருந்து வண்டியில் வந்த ஆள் கீழே இறங்காமலே, "பாகூர் மருத்துவச்சியம்மா விடியக்காலையில போயிட்டாங்க" என்றார். என் மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "இன்னாது?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கெளம்புடி. நானும் வரேன்" என்றார். வானம் மூட்டம் போட்டிருந்தது. நெல்லைக் களத்தில் அப்படியே விட்டுவிட்டு அவர் ஓர் இழவுக்குக் கிளம்பியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. செத்தவர் கிறிஸ்தவர். நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். எங்களுக்குள் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அவரை அறிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? பாகூர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தார். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் படித்துத் தேறியவர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, எப்போதும் அவசர நடை. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் கையில் விழுந்தவர்கள். அவருக்குச் சைகோனிலிருந்து கடிதம் வரும். அங்கே பிரெஞ்சு சர்க்கார் வேலையில் மகன் இருக்கிறான், புருஷன் காலமாகிவிட்டார் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டோம். கைராசிக்காரி என்று நம் வீடுகளில் அவரைத் தேடியதற்கு அந்தச் சைகோன் மகனும் ஒரு காரணம். பிள்ளை பெற்றவள் கைதான் பிள்ளையை எடுக்கலாம் என்பது நம் பெரியவர்களுடைய எண்ணம்.

நான் அவரிடம் முதன்முதலாகப் போனது காய்ச்சலுக்கு. கல்யாணமாகி நாலு வருஷம் ஓடியிருந்தது, வயிறு திறக்கவில்லை. அப்போது நம் பக்கம் சிவப்புப் புட்டி பரவியிருந்த காலம், நினைவிருக்கும். பட்டணத்திலிருந்து வரும் பெண்கள் டானிக். புட்டி மேல் குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு சீமாட்டியின் படம். என் மாமியார் அதை வாங்கி எனக்கு வேளை தவறாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். அதைக் குடித்தபின் வேறு மருந்து சாப்பிடலாமா என்று கேட்பதற்காகப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு போனேன்.

மதலேனம்மாள் அதிலிருந்த காகிதத்தை நிதானமாகப் படித்தார். "மாசத் தூரம் வராதவங்களுக்கு வரவைக்கும்னு போட்டிருக்கான். நிக்காதவங்களுக்கு நிறுத்தும்னும் போட்டிருக்கான். பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை, பெத்தவளுக்குப் பால், கிழவிக்கு மூட்டுவலி. ஏண்டி, உள்ள போன பிறகு இது எந்த வேலையைச் செய்யணும்னு இதுக்கு யாரு சொல்லுவா?" என்றார். காய்ச்சலோடு நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தார். "குடிச்சா ஒடம்பு சூடாகித் தெம்பா இருக்குமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இருக்கும். சாராயத்துல சர்க்கரையைப் போட்டா யாருக்கும் தெம்பாத்தான் இருக்கும்" என்றார்.

வீட்டில் போய் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். சொல்லியிருந்தால் மாமியார் என்னைத்தான் பிடித்திருப்பார். புட்டியோடு ஒரு பத்தியமும் வந்தது: மீன் கூடாது, கருவாடு கூடாது, புளி கூடாது. விற்கிறவர் கெட்டிக்காரர். பிள்ளை பிறந்தால் அது டானிக்கால். பிறக்காவிட்டால் பத்தியம் முறித்தவளால். நான் திருட்டுத்தனமாகக் கருவாடு தின்கிறேன் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். கருவாட்டுப் பானையைத் தம் படுக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் நான் விலகி உட்காரும்போது பானையைத் திறந்து பார்ப்பார்.

இதில் சிரிக்கக் கொஞ்சம் இருக்கிறது, இப்போது. அப்போது இல்லை. ஊரில் எவள் எவளோ குடித்துப் பெற்றாள் என்று பேச்சு. மருந்து பொய் இல்லை என்றால் நான்தான் பொய். தை பிறந்தால் கரையாம்புத்தூரிலிருந்து தம் அண்ணன் மகளைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரருக்குக் கட்டிவைப்பது என்று மாமியார் பேசி முடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் எங்கே போவது? பிறந்த வீட்டில் அண்ணிமார் கை ஓங்கியிருந்தது. புட்டியின் அடியில் மிஞ்சியதை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் அந்த டானிக்காரர் பாகூருக்கு வந்தார். மேரி என்று நாம் சொல்கிற கொம்யூன் ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, பெண்களுக்கு மட்டும் என்று தமுக்கடித்தார்கள். கிராமபோன் பாடியது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாமியார் என்னையும் இழுத்துப்போனார். டானிக்காரர் இனிமையாகப் பேசினார். எங்களையெல்லாம் "தாய்மார்களே" என்றார். பிறகு, டானிக் குடித்துப் பெற்றவர்கள் குழந்தையோடு வந்து ஒரு பக்கமாக நிற்க வேண்டும், ஆளுக்கொரு கண்ணாடி பரிசு என்றார். பெண்கள் போய் நின்றார்கள். கொழுகொழுவென்று குழந்தைகள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாமியார் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அப்போது பின்னாலிருந்து மதலேனம்மாளின் குரல் கேட்டது. "ஐயா, கேட்டவங்களைக் கூப்பிட்டீங்க. கேக்காதவங்களையும் கூப்பிடுங்க. அவங்க இந்தப் பக்கம் நிக்கட்டும்."

மருந்து கேட்காதவர்களை, குடித்தும் பலன் காணாதவர்களைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. "அப்படி யாரும் இல்லீங்களே அம்மா" என்றார் டானிக்காரர்.

"இல்லைன்னா சந்தோஷம். கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

டானிக்காரர் தயங்கவில்லை. புன்னகையோடு கூப்பிட்டார். யாரும் எழமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அத்தனை பெண்களுக்கு நடுவில் எழுந்து, நான் மலடி என்று எவள் நிற்பாள்? ஒருத்தியும் எழவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதலேனம்மாள் என் பேரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நான் எத்தனை புட்டி குடித்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

காலடிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மதலேனம்மாள் குடையைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, காலியாக இருந்த அந்தப் பக்கம் போய்த் தனியாக நின்றார்.

"நான் குடிச்சிருக்கேன்" என்றார். "இதுக்கு முந்தி வேற பேர்ல வந்தது. படம் இதே படம்தான். பத்தியமும் இதே பத்தியம்தான். ஒழுங்கா இருந்தேன். பிறக்கலை. அதுக்காகத்தான் என் வூட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனார்."

"சைகோன்ல புள்ள இருக்குதேம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது எங்க அண்ணன்."

அந்த ஒரு சொல்லில் அவர் எதைக் கொடுத்தார் என்று அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் தெரிந்தது. நாளை முதல் எந்த வீட்டில் ஒரு மலடியைப் பிரசவத்துக்குக் கூப்பிடுவார்கள்? இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பிரமிப்பு தீரவில்லை.

டானிக்காரர் பத்தியத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள். மாமியார் என் முந்தானையைப் பிடித்தார். அது அவர் கையிலிருந்து நழுவியது. போய் மதலேனம்மாளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வில்லியனூர்க்காரி ஒருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். தலை நரைத்த ஒரு பெரியம்மா, "நானுந்தான், எந்தப் புட்டின்னு ஞாபகமில்ல" என்று வந்து நின்றார். அப்புறம் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து, முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி வந்தாள். என் நாத்தனார் அஞ்சலை.

மாமியாரின் ஒரே மகள். கிருமாம்பாக்கத்தில் கொடுத்திருந்தது. அங்கே அவள் மாமியாரும் அவளுக்குச் சிவப்புப் புட்டி ஊற்றிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பெற்ற தாயிடம்கூட அவள் சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவரையும் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வரிசை அந்த வரிசையை விட நீண்டுவிட்டது.

அப்போதும் மதலேனம்மாள் குழந்தைக்காரிகளை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே யாரோ அவர்களைப் பொய்க்காரிகள் என்றபோது, "அவங்க பொய் சொல்லலை. குடிச்சாங்க, பெத்தாங்க. குடிக்காட்டியும் பெத்திருப்பாங்களோ என்னவோ, அது நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி விக்கிறாரே, அதைத்தான் கேக்கறேன்" என்றார். டானிக்காரர் கிராமபோனை மறுபடி வைத்தார். யாரும் வாங்காமல் கலைந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். வாங்கினவர்களும் இருந்தார்கள். ஆசை அவ்வளவு சீக்கிரம் விடுமா?

வண்டியில் வீடு திரும்பினோம். அன்று மாலை கருவாட்டுப் பானை அடுப்படிக்கு வந்துவிட்டது. குழம்பு வைத்து, எனக்கு முதலில் போட்டார். "சாப்புடு" என்றார். தை வந்தது, போனது. கரையாம்புத்தூர்ப் பேச்சை அவர் எடுக்கவில்லை. என் மகளுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா என்று ஒருநாள் தானாகவே முணுமுணுத்தார். அவ்வளவுதான். எனக்கும் அஞ்சலைக்கும் கடைசிவரை பிள்ளை இல்லை. இரண்டு பேரும் அவரவர் புருஷன் வீட்டிலேயேதான் இருக்கிறோம்.

மதலேனம்மாளுக்கு அப்படி நல்லதாக நடக்கவில்லை. பெரிய வீடுகளில் அவரைக் கூப்பிடுவது நின்றது. "மலடி கை" என்றார்கள், இதைப் படிக்கும் உங்களில் சிலரும்தான். கூலிக்காரக் குடும்பங்களில் மட்டும் கூப்பிட்டார்கள். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். "வர்ற குழந்தைக்கு யார் கைன்னு தெரியாது. அது அழும், அவ்வளவுதான்" என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வீட்டு வண்டியும் அவர் வாசலுக்கு வரத்தான் செய்தது. எதையும் சொல்லிக்காட்டாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

அவரை மருந்துக்கு எதிரி என்று பேசியவர்கள் உண்டு. அது தப்பு. ஆஸ்பத்திரியில் புதிதாக ஏதாவது ஊசி வந்தாலும் டாக்டரிடம் அதே கேள்வியைத்தான் கேட்பார்: யாருக்குக் கேட்கவில்லை? பதில் திருப்தியாக இருந்தால் அவரே முன்னின்று போடுவார். ஆண்டுதோறும் வில்லியனூர் மாதா கோயில் திருநாளுக்கு அவர் நடந்தே போவதை வைத்து ஒருமுறை நான் கிண்டல் செய்தேன்: "மாதாகிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கறதில்லையாம்மா?" "மாதா எனக்குப் புட்டி விக்கலையேடி. போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்" என்றார்.

அந்தப் பக்கம் சண்டை தொடங்கியபிறகு சைகோன் கடிதங்கள் நின்றுபோயின. அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே அவர் படுக்கையில் விழுந்தார். நானும் அஞ்சலையும் முறைபோட்டுக் கஞ்சி கொண்டுபோனோம். பல வருஷமாக என் மனதில் கிடந்ததை ஒருநாள் கேட்டேன்.

"அன்னிக்குப் பந்தல்ல நான் இருந்தது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? மாமியாருக்கு இந்தப் பக்கமா, தலையைக் குனிஞ்சினு உக்காந்திருந்த."

"அப்புறம் ஏன் என் பக்கம் திரும்பவே இல்ல?"

"நான் திரும்பினா எல்லாரும் திரும்புவாங்க இல்ல?" என்றார். பிறகு கஞ்சி ஆறுகிறது என்றார்.

என் பேரைச் சொல்லியிருந்தால் அந்த வழக்கில் அவர் அந்த நிமிஷமே ஜெயித்திருப்பார். கைக்கெட்டிய சாட்சியாக நான் உட்கார்ந்திருந்தேன். அதைத் தொடாமல், தம் பிழைப்பையும் மானத்தையும் எடுத்து நடுவில் வைத்தார். சிவப்புப் புட்டி போய் இப்போது பச்சைப் புட்டி வந்திருக்கிறது. அவர் கேள்வியை நான் கேட்கிறேன், நீங்களும் கேட்பீர்கள். ஆனால் எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது கேள்வி அல்ல. அன்று என் பக்கம் திரும்பாமல் நின்ற அந்த முகம்.