ஜாரல்லா காட்டும் நாடு

நான்காவது டயரிலும் காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜாரல்லா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வைத்தியர் நாடி பிடிப்பதுபோலக் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். கருவி வைத்து அளந்து பார்க்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. காது சொல்லும். காற்று பாதியாகக் குறைந்த டயர்தான் ஒட்டகத்தின் பாதம்போல அகன்று மணலில் நடக்கும்; இல்லாவிட்டால் வண்டி கழுத்துவரை புதைந்து, விருந்தாளி மூக்கில் மணலோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். "டயர் நாலுலயும் காத்த எறக்கிடுவாரு. வாயில மட்டும் எறக்கவே மாட்டாரு" என்பார் அவருடைய ஒட்டகங்களைப் பார்த்துக்கொள்ளும் சூடான்காரர் இத்ரீஸ்.

கத்தாருக்குப் பணப்பையோடு வருகிறவர்களுக்கு நாட்டைச் சுற்றிக் காட்டுவது ஜாரல்லாவின் உத்தியோகம். தோஹாவில் ஓர் அலுவலகம் அவர்களைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டும். எத்தனை துறைமுகம், எவ்வளவு எரிவாயு, எங்கே காலி நிலம் எல்லாம் அதில் வந்துவிடும். படம் முடிந்ததும் ஆளை ஜாரல்லாவின் வெள்ளை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். படத்தில் விட்டுப்போனதை அவர் சொல்வார். உலகத்திலேயே நடக்காததையும் சேர்த்துச் சொல்வார்.

ஆள் ஈச்ச மட்டைபோல ஒல்லி. வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. அவர் அங்கியின் மடிப்பில் விரலை வைத்தால் ரத்தம் வரும், அப்படி ஒரு இஸ்திரி. தூரத்தை மைல், கிலோமீட்டர் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லாம் தேநீர்க் கணக்கு. "வடக்கு முனைக்கு ரெண்டு டீ. சவூதி எல்லைக்கு ஒன்றரை டீ. அவ்வளவுதான் நாடு. மூணாவது டீ குடிக்கணும்னா கடல்ல நின்னுதான் குடிக்கணும்." தேநீருக்காக வண்டியைவிட்டு இறங்குவதும் கிடையாது. கடை வாசலில் நின்று ஹார்னை இரண்டு முறை அமுக்குவார். உள்ளேயிருந்து மலையாளி குஞ்ஞாலி ஏலக்காய் மணக்கும் பால் டீயோடு ஓடிவருவார். எதிர்க் கடைக்குப் போவதற்கும் ஜாரல்லா வண்டியைத்தான் எடுப்பார். கால் எதற்கு இருக்கிறது என்று கேட்டால், பிரேக் போட என்பார்.

அவர் அளக்கிற அளப்பைக் கேட்க ஒட்டகங்களே அசைபோடுவதை நிறுத்தும் என்று இத்ரீஸ் சொல்வதுண்டு. இத்ரீஸுக்கும் அந்தக் காற்று அடித்துவிட்டது. "என் சின்ன வயசுல இந்த ஊர்ல ரெண்டே ரெண்டு சிக்னல். ஒண்ணு சித்தப்பா வீட்டு வாசல்ல. இன்னொண்ணு சித்தப்பா. அவரு கையக் காட்டினா வண்டி நிக்கணும்" என்பார் ஜாரல்லா. வெயிலைப் பற்றிக் கேட்டால், ஆகஸ்டு மாதத்தில் தன் நிழலே தன்னை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பார். நிலத்தின் மதிப்பைக் கேட்டால், செருப்பில் ஒட்டிய மணலை விமான நிலையத்தில் உதறிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார். கடைசியாகத் தவறாமல் ஒன்று சொல்வார்: இங்கே வந்தவன் எவனும் திரும்பிப் போனதில்லை. சொல்லிவிட்டு மறுநாள் அவரே அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வருவார்.

இதையெல்லாம் அவர் தன் பாலைவன அரபியில்தான் சொல்கிறார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது 'கம் கம்', 'குட் குட்', 'நோ பிராப்ளம்'. மற்றதை மகள் தபியா பார்த்துக்கொள்கிறாள். பத்தொன்பது வயது. வார விடுமுறையில் அப்பாவோடு முன் இருக்கையில் உட்கார்ந்து, அவர் விடுகிற பட்டத்தை நூலைப் பிடித்துத் தரைக்கு இறக்குவதுதான் அவள் வேலை. அவர் நூறு என்றால் அவள் பத்து என்பாள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் நீளம் புரியும் அல்லவா, ஜாரல்லாவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"நான் இவ்ளோ பெருசா சொன்னேன். நீ என்ன சுண்டைக்கா மாதிரி சொல்லி முடிச்சுட்ட?"

"அவங்க ஊருக்குப் போய்க் கணக்குப் போடுவாங்க வாப்பா."

அந்தத் தபியாவால்தான் இந்தக் குளிர்காலம் முழுவதும் ஜாரல்லாவுக்குத் தூக்கமில்லை. அவளுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு. போன மாரியில் அவர்களுடைய பெண் ஒட்டகம் ஒன்று, கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு, மருத்துவர் வந்து சேருவதற்குள் செத்துப்போனது. கன்றும் போய்விட்டது. தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தபியா விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். ஜாரல்லாவும் அழுதார். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றார். அன்றைக்குக் காற்றே இல்லை. அன்று முடிவு செய்தவள்தான். முடியாது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டில் அவள் பேச்சை எடுத்தால் எலுமிச்சம்பழம் எங்கே என்று கேட்பார். வண்டியில் எடுத்தால் ஹார்னை அமுக்கித் தேநீர் கேட்பார், கடை இல்லாத இடத்தில்கூட. உலகத்தையே தன் நாட்டுக்கு வா வா என்று அழைக்கிறவர். ஊரெல்லாம் விற்ற சரக்கு வீட்டில் மட்டும் போணியாகவில்லை. கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை வந்தவர்கள் யோஸ்ட், மாரிகே என்ற டச்சுத் தம்பதி. கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்ப்பது அவர்கள் தொழில். இருவரும் வண்டியின் கூரையில் தலை முட்டுகிற உயரம். தக்காளிக்கு வெயில் வேண்டும் என்று கேள்விப்பட்ட ஜாரல்லாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெயிலை இந்த நாட்டில் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லையே. மணல்மேடுகளில் ஏற்றி இறக்கி, அவர்கள் குடலை ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டு, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தன் ஒட்டகப் பட்டியில் இருக்கிற கூடாரத்துக்குக் கூட்டிவந்தார். கம்பளம் விரித்து, நடுவில் நெருப்பு. பேரீச்சம்பழத் தட்டு. இத்ரீஸ் இடது கையில் கஹ்வா என்கிற அரபுக் காப்பி நிறைந்த கூஜாவும் வலது கையில் சின்னக் கோப்பைகளுமாக நின்றபடியே ஊற்றிக்கொண்டு வந்தார். முதலில் விருந்தாளிகளுக்கு, பிறகு ஜாரல்லாவுக்கு, கடைசியில் தபியாவுக்கு.

தபியா கோப்பையை வாங்கினாள். உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. குனிந்து, அப்பாவுக்கு நேரே, கம்பளத்தின்மேல் வைத்தாள்.

இத்ரீஸின் கூஜா அந்தரத்தில் நின்றுவிட்டது. ஜாரல்லா பார்த்தார். பார்த்துவிட்டு, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல எதிரே இருந்த மணல்மேட்டைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் விட்ட கதைகள் அவர் தரத்துக்கே அதிகம். வியாழக்கிழமை இந்த மணலில் தக்காளி விதை போட்டால் சனிக்கிழமை பறிக்க ஏணி வேண்டும் என்றார். ஒரு பழத்தை நறுக்கினால் ஒரு கல்யாணம் முடியும் என்றார். தபியா தலை குனிந்தபடியே, கோப்பையைத் தொடாமல், மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கஹ்வாவில் எழுந்த ஆவி மெல்லிசாகி அடங்கியது.

மாரிகே விடவில்லை. ஏன் குடிக்கவில்லை, நன்றாக இல்லையா என்று தபியாவிடம் கேட்டாள். தபியா அந்தக் கேள்வியை ஒழுங்காக அப்பாவிடம் ஒப்படைத்தாள்.

"வயித்துக்குச் சரியில்லன்னு சொல்லு."

"வயித்துக்கு ஒண்ணுமில்ல வாப்பா."

ஜாரல்லா பேச்சை வேறு பக்கம் ஓட்டினார். கோப்பையில் அடி நனைகிற அளவுதானே ஊற்றுகிறோம், ஏன் தெரியுமா என்று தானே கேட்டுத் தானே பதில் சொன்னார். நிரப்பிக் கொடுத்தால் 'குடிச்சிட்டுக் கெளம்பு' என்று அர்த்தம். அவருடைய மாமா ஒருவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கஞ்சன் நிரப்பிக் கொடுத்துவிட்டானாம். மாமா அங்கிருந்து கிளம்பினவர், கோபத்தில் தன் வீட்டையும் தாண்டி நடந்து கடலுக்குள் போய்விட்டாராம். யோஸ்ட் விழுந்து விழுந்து சிரித்தார். மாரிகே சிரித்துவிட்டு, கெட்டிக்காரி, அடுத்ததைக் கேட்டாள். நிரப்புவதற்கே ஓர் அர்த்தம் இருக்கிறதென்றால், குடிக்காமல் கீழே வைப்பதற்கும் ஏதாவது இருக்க வேண்டுமே?

தபியா இதையும் மொழிபெயர்த்தாள். இத்ரீஸ் வராத இருமலை இருமினார்.

தன் நாட்டைப் பற்றி வெளியாள் கேட்ட கேள்விக்கு ஜாரல்லா இதுவரை பதில் சொல்லாமல் இருந்ததில்லை. "விருந்தாளி கோப்பைய கீழ வெச்சான்னா அவனுக்கு ஒரு காரியம் ஆகணும்னு அர்த்தம். வீட்டுக்காரன், 'குடி, நீ கேட்டு வந்தது ஒனக்குத்தான்'னு சொல்லணும். சொன்ன பெறகுதான் அவன் குடிப்பான்."

வீட்டுக்காரர் மறுத்துவிட்டால் என்ன ஆகும் என்றாள் மாரிகே.

வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தில் சுதாரித்திருப்பார். ஜாரல்லாவுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் வாய் சும்மா இருக்குமா? "மறுக்கிறதா? இந்த நாட்டுல அப்படி ஒரு ஆம்பள பொறந்ததே கெடையாது. தப்பித் தவறிப் பொறந்தாலும் அவன் ஒட்டகமே அவனத் தலமுழுகிட்டுப் போயிடும்."

தபியா ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. ஒட்டகம் உட்பட எல்லாவற்றையும் அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவைத்தாள். டச்சுக்காரர்கள் கம்பளத்தில் இருந்த கோப்பையைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். யோஸ்ட் வாயில் போட்ட பேரீச்சம்பழத்தை மெல்லாமல் வைத்துக்கொண்டார்.

தான் வெட்டிய குழியின் ஆழம் ஜாரல்லாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ என்ன விருந்தாளியா?"

"வீட்டுப் புள்ளையா கேட்டா எலுமிச்சம்பழம் எங்கங்கறீங்க. அதான் விருந்தாளியா வந்து ஒக்காந்திருக்கேன்."

"அங்க தெனமும் மழையாம்."

"கொட வாங்கிக்கறேன்."

"ஒட்டகமே இல்லாத ஊரு. அங்க போய் என்னத்தப் படிப்ப?"

"மாடு, குதிரையெல்லாம் படிப்பேன். ஒட்டகம் இங்க இருக்குல்ல."

பட்டியில் ஒரு ஒட்டகம் முனகியது.

"வந்துருவியா புள்ள?"

"போனாத்தான வாப்பா வர முடியும்?"

ஜாரல்லா வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய வாசகம் அவருக்குத் தெரியும். கொஞ்சம் முன்னால் அவரே விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் எத்தனையோ தேசத்து ஆட்களை மயக்கிய அந்த வாயில் இப்போது வெறும் காற்றுதான் வந்தது. மூடிக்கொண்டார்.

எழுந்து போய் இத்ரீஸின் கையிலிருந்து கூஜாவை வாங்கினார். கம்பளத்திலிருந்து மகளின் கோப்பையை எடுத்து, ஆறிப்போன கஹ்வாவை மணலில் கொட்டினார். புதிதாக ஊற்றினார். அடி நனைந்தது, பாதி வந்தது, அவர் நிறுத்தவில்லை. விளிம்பு தொடுகிறவரை, இன்னொரு சொட்டு விழுந்தாலும் வழியும் என்கிறவரை ஊற்றிவிட்டு, கூஜாவைக் கீழே வைத்தார். கோப்பையை மகளுக்கு முன்னால் நீட்டினார். சிந்தாமல் இருப்பதற்காக, இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.