வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள்

நியூ ஜெர்சியில் ஃபயர் சேஃப்டி இன்ஜினியராக எத்தனையோ கட்டடங்களுக்குள் போய் வந்திருக்கிறேன். ஒன்றிலிருந்து மட்டும் வெளியே வரமாட்டேன் என்று நினைத்தேன்.

அது ஒரு பழைய சிறை. ஹோட்டலாக மாற்றப் போகிறார்கள் என்று இன்ஸ்பெக்‌ஷனுக்கு நானும் ஜூனியர் கவிதாவும் போனோம். கவிதா கோயம்புத்தூர்ப் பெண், வேலைக்குப் புதிது.

கேர்டேக்கர் லிண்டா நடந்துகொண்டே சரித்திரம் சொன்னார். இங்கிலாந்து ஊர்களில் முன்பு ‘ஹவுஸ் ஆஃப் கரெக்‌ஷன்’ என்று வைத்திருந்தார்களாம். வேலையில்லாமல் திரிந்தவர்கள், பிச்சை எடுத்தவர்கள், கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோரையும் அதில் அடைப்பார்கள். சவுக்கால் அடித்து, சணல் தட்டவைத்து, பிற்காலத்தில் பெரிய சக்கரத்தை மிதிக்கவைத்து ‘திருத்துவார்கள்’. அந்த மாதிரியைப் பார்த்துத்தான் இதையும் கட்டினார்களாம். கதவுகளில் ரொட்டி நீட்ட ஒரு திறப்பு இருந்தது, பிறகு தகரம் அடித்து மூடிவிட்டார்கள் என்றார்.

கவிதா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “வேலை இல்லீன்னாலே உள்ள போட்ருவாங்களாக்கா?”

அவள் வேலை விசாவில் இருப்பவள், வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

லிண்டா முன்கட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். நாங்கள் பேஸ்மென்ட்டில் ஓர் அறைக்குள் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. போனில் சிக்னல் இல்லை. கத்தினோம், அந்தச் சுவர்கள் கத்தலை வெளியே விடாமலிருக்கக் கட்டியவை.

கொஞ்ச நேரத்தில் புகை நாற்றம் வந்தது. முற்றத்தில் வேலையாட்கள் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள் என்று அதன் உறுமலில் தெரிந்தது. அதன் புகை சுவரிலிருந்த காற்றுத் துவாரம் வழியாக எங்கள் அறைக்குள் இறங்குகிறது. மூடிய அறையில் அந்தப் புகை ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும் என்று மற்றவர்களுக்குக் கிளாஸ் எடுத்தவள் நான். ஜாக்கெட்டைக் கழற்றித் துவாரத்தில் திணித்தேன். அப்படியும் கசிந்தது.

“அக்கா, தலை வலிக்குது” என்று கவிதா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“தூங்கிடாத. எங்கிட்ட பேசிக்கிட்டே இரு.”

அப்போதுதான் ரொட்டித் திறப்பு நினைவுக்கு வந்தது. கதவை விரலால் தட்டிக்கொண்டே போனேன். இடுப்பு உயரத்தில் ஓரிடத்தில் சத்தம் மாறியது. அளவுக் கருவியை நிறுத்தும் ட்ரைபாடின் காலால் இடித்தேன். துருப்பிடித்த தகரம் கிழிந்தது. என் கை நுழையவில்லை. கவிதாவை எழுப்பி நிறுத்தினேன். அவள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. தாழ்ப்பாள் மேலே ஏறியது.

வெளியே புல்லில் உட்கார்ந்து இருவரும் வாந்தி எடுத்தோம். லிண்டா அழுதுகொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கைச் சற்று விலக்கி கவிதா சொன்னாள்: “அந்தக் காலத்துல உள்ள இருந்தவங்க தட்டுனது காவலுக்கு நின்னவங்க எல்லாருக்கும் கேட்டிருக்கும்க்கா. யாரும் திறந்திருக்க மாட்டாங்க.”

அந்தக் கதவுகளைத் தாழ்ப்பாளோடு அப்படியே வைத்தால் விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்பது ஹோட்டல்காரர்களின் ஆசை. என் பாஸும், “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, பெரிய கிளையன்ட்” என்றார். தாழ்ப்பாள்களை அறுத்தெடுக்காமல் பாதுகாப்பு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். கடைசியில் அறுத்தார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கதவின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே கைப்பிடி இல்லையென்றால், உங்களை மனதில் வைத்து யாரும் அதைக் கட்டவில்லை.