சபையில் சொன்ன பூரண சுகம்

சித்தூர் கோர்ட்டில் நம் வழக்கைக் கூப்பிடும் வரை உட்கார ஒரு மர பெஞ்சு உண்டு. அதில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் சீக்கிரமே போயாக வேண்டும். போய்த்தான் என்ன? மதியம் வரை உட்கார வைத்து, ஜட்ஜ் லீவு என்றோ எதிர்க்கட்சி வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்றோ சொல்லி வாய்தா போட்டு அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு லீவு போனதுதான் மிச்சம். இப்படி நடந்து நடந்து என்னை இடித்த வேன் டிரைவர் மேலிருந்த கோபம்கூடத் தீர்ந்துபோனது. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அரசாங்கச் சம்பளம் இல்லை, நிர்வாகம் கொடுப்பதுதான். வீட்டிலிருந்து பள்ளிக்குச் சைக்கிளில் போவேன். ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத் திருப்பத்தில் பின்னாலிருந்து வந்த பால் வேன் இடித்துத் தள்ளியது. விழுந்தது வலது தோளின் மேல். உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். போலீஸ் கேஸ் ஆனது. வேனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததால், தெரிந்த வக்கீல் ஒருவர் நஷ்ட ஈட்டுக்கு மனு போட்டார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தார். எழுதியது அத்தனையும் உண்மை. வீட்டுக்காரரோ பின்னால் ஒரு நாள் அதைப் படித்துப் பார்த்துச் சிரித்தார்.

"வக்கீலுங்க அப்டித்தான், கொஞ்சம் ஏத்திதான் எழுதுவாங்க. வுடு" என்றார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. மனு போட்ட அடுத்த மாதமே நாங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்திருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் வேண்டிக்கொண்டு செய்த பொருத்தனை அது. காணிக்கை படைத்தால் நாலு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் சபை வழக்கம். சாட்சி சொல்கிறவர் யாரும் முக்கால்வாசி சுகம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கர்த்தருக்குப் பர்சன்டேஜ் கணக்கா கொடுப்பார்கள்? இன்னும் வலிக்கிறது என்றால் விசுவாசம் குறைவு என்பார்கள். சுகமாயிற்று என்று வாயால் அறிக்கை செய்தால் சுகம் தானாக வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டு பேரும் முன்னால் போய் நின்றோம். "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்தார்" என்றேன்.

எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம். "கைய ஒசத்தி ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்றார் ஐயர். நான் இடது கையை எடுப்பதற்குள், பக்கத்தில் நின்றிருந்த வீட்டுக்காரர் சந்தோஷத்தில் என் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். தோளுக்குள் ஏதோ கிழிந்ததுபோல் இருந்தது. என் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது. அதைப் பார்த்துப் பெண்கள் பக்கத்திலும் இரண்டு பேர் அழுதார்கள். ஆனந்தக் கண்ணீராம்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டிலும் வேஷம்தான். அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு இடது கையால் தலை வாரிக்கொள்வேன். மேல் தட்டு டப்பாக்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டேன், சுத்தம் செய்கிறேன் என்ற சாக்கில். ராத்திரி படுக்கும்முன் குடும்ப ஜெபத்தில் அவர் என் தோளுக்காக நன்றி சொல்வார், நான் ஆமென் சொல்வேன். தனியாக முழங்கால் போடும்போதுகூட வலிக்கிறது ஆண்டவரே என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்த சுகத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதுபோல் ஒரு பயம்.

கரும்பலகையை எங்கே இறக்கி வைப்பது? கீழ்ப்பாதியில்தான் எழுதினேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று பெரிய டீச்சரிடம் புகார் போனது. இந்த வருஷம் பார்ப்போம், அடுத்த வருஷம் நிர்வாகம் என்ன சொல்லுமோ தெரியாது என்றார் அவர். கை ஊனத்துக்குச் சர்டிபிகேட் வாங்க வக்கீல் என்னைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிளேட்டை எடுத்துவிட்டு இன்னொரு ஆபரேஷன் செய்தால் கை மேலே வரும், தள்ளிப்போட்டால் இப்படியே இறுகிவிடும் என்றார். செலவையும் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த அளவு பணம் எந்தக் காலத்திலும் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. நஷ்ட ஈடு வந்தால் கை, வராவிட்டால் கையும் போகும், வேலையும் போகும். பஸ்ஸில் சித்தூர் வரும் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, சர்டிபிகேட் கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன்.

ஒருவழியாகக் குறுக்கு விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரரும் வந்து கடைசியில் நின்றார். இன்ஷூரன்ஸ் வக்கீல் என்னிடம் வேனைப் பற்றியோ ரோட்டைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஜட்ஜ் பக்கம் திருப்பினார். கொரோனா காலத்திலிருந்து எங்கள் சபை ஆராதனையை வீடியோ எடுத்து நெட்டில் போடுகிறார்கள். அதில் நான், பட்டுப்புடவை கட்டி, பூரண சுகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பூர்த்திகா நயமைந்தனி செப்பாரு கதம்மா?" என்றார் வக்கீல். முழுக்கக் குணமாகிவிட்டது என்று நீங்களே சொன்னீர்களே என்று கேட்கிறார். கை உயர்ந்த இடத்தில் வீடியோவை நிறுத்தினார். கடவுள் முன்னால் சொன்னது பொய்யா, இங்கே சொல்வது பொய்யா என்றார். எங்கள் வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தெலுங்கு எனக்கு நன்றாகவே வரும், அன்று வரவில்லை. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

"சபையில சொன்னதுதான் பொய்ங்க" என்றேன். "ஒரு நாளும் சுகம் ஆவல. இப்பவும் நோவுது. தூங்கும்போதும் நோவுது."

சித்தூரில் அந்த அளவு தமிழ் எல்லோருக்கும் புரியும். ஹாலில் யாரோ செருமினார்கள். ஜட்ஜ் லேப்டாப் பக்கம் குனிந்து, கையைப் பிடித்திருப்பது யார் என்று கேட்டார். என் கணவர் என்றேன். "செய்யி எத்தண்டி" என்று கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். தோள் மட்டம் வந்ததும் நின்றுவிட்டது. ஜட்ஜ் அதைப் பார்த்துக்கொண்டே டைப் செய்கிறவருக்கு ஏதோ சொன்னார். தீர்ப்புக்கு இன்னொரு தேதி போட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை மாதம் ஆண்டவரிடம் சொல்ல முடியாததை இன்ஷூரன்ஸ்காரனிடம் சொல்லிவிட்டேனே என்றுதான் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. என் தோளையே பார்த்தார்.

"அன்னிக்கு நான் தூக்கனப்போ நோவுச்சா?"

"நோவுச்சு."

"இத்தினி நாளா ஒரே வூட்ல இருந்துக்கினு எங்கிட்டகூட சொல்லலியே. ஏன்?"

"சொன்னா நீங்க ஜெபம் பண்ண உக்காந்துருவீங்க" என்றேன். "எனக்கு ஆபரேஷன் வேணும்."