அக்கா கேட்ட மன்னிப்பு

எங்கள் அக்கா சாவகச்சேரியில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா நேரத்தோடு காலமாகிவிட்டதால் தன் படிப்பை நிறுத்தி, தங்கையையும் என்னையும் படிப்பித்தார். போர் துரத்தியபோது சுவிஸின் கூர் நகருக்கு வந்து சேர்ந்தார். இங்கே முதியோர் இல்லத்துச் சலவை அறையில் முதுகு வளையும் வரை வேலை செய்தார். ஆசிரியையாக வேண்டும் என்ற அவருடைய ஆசை சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்தான் நிறைவேறியது. அதையும், வகுப்பின் பெற்றோரே, நீங்கள் பறித்தீர்கள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கும் தங்கையின் மகள் செம்மஞ்சள் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன படத்தை அனுப்பியிருந்தாள். ஏன் அந்தச் சட்டை என்று அக்கா கேட்டார். அந்த நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்ததையும், சொந்த மொழி பேசினால் அடித்ததையும், பலர் வீடு திரும்பாததையும் நினைவுகூரத்தான் அந்தச் சட்டை என்று தங்கை சொன்னாள். அடுத்த சனிக்கிழமை அக்கா அதையே பாடமாக எடுத்தார். இந்த நாட்டிலும் நாடோடிகளான யெனிஷ் மக்களின் பிள்ளைகளை அப்படிப் பறித்தார்கள் என்றும் சொன்னார்.

அக்காவின் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. சுவிஸ் ஜெர்மன் கதைத்தால் எழும்பி நிற்க வேண்டும். அன்று பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

"டீச்சர், அப்ப நீங்கள் எங்களை எழுப்பி விடுறதும் அதுதானே?"

நான் அடிக்கவில்லையே என்றாராம் அக்கா.

"நிக்கேக்க எல்லாரும் சிரிக்கிறவை, டீச்சர்."

அந்த வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. மறு சனிக்கிழமை, தான் செய்தது பிழை என்று பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். நல்லிணக்கம் என்று பலகையில் எழுதி, பிழை செய்தவர் முதலில் வாய் திறக்க வேண்டும், இந்தச் சொல் அதற்குப் பிறகுதான் என்றார்.

உடனே பெற்றோர் கூட்டம் கூட்டினீர்கள். நல்லிணக்கம் என்பது கொழும்பு அரசுக்காரரின் சொல் என்றார் ஒருவர். வெள்ளைக்காரரைக் குறை சொன்னால் வதிவிட பெர்மிட்டுக்குப் பிரச்சினை என்றார் இன்னொருவர், சுவிஸ் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. உண்மையில் உங்களுக்குச் சுட்டது எது என்பதை ஒரு தகப்பன்தான் சொன்னார்.

"டீச்சரே மன்னிப்புக் கேட்டால், நாளைக்குப் பிள்ளையள் எங்களையும் கேக்கச் சொல்லுவினம்."

எல்லோரும் தலையாட்டினீர்கள். பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டால் வகுப்பு இருக்கும் என்றீர்கள். நானும் வீட்டில், ஒரு சொல்தானே, சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன்.

"கேக்க வேண்டிய ஆக்களிட்டக் கேட்டிட்டன், தம்பி," என்றார் அக்கா.

வகுப்புப் போனது. அதன் பிறகும் சனிக்கிழமைகளில் வெள்ளனவே குளித்து, சேலை உடுத்தி, போக இடமில்லாமல் இருந்தார். இரண்டாம் வருடம் நோய் பிடித்தது. கடைசிக் கிழமையில் அந்தப் பிள்ளை தாயோடு மருத்துவமனைக்கு வந்தாள். கதைத்துக்கொண்டிருக்கையில் அவள் வாயில் சுவிஸ் ஜெர்மன் வந்துவிட்டது. பழக்கத்தில் எழும்பி நின்றாள்.

"இரம்மா," என்றார் அக்கா, கதிரையைக் காட்டி. நான் அறிய அவர் தெளிவாகப் பேசிய கடைசிச் சொல் அது.

நோயில் கிடந்த அக்காவின் வேலை நேரங்களைத் தாங்களே செய்துகொடுத்த சலவை அறைத் தோழியருக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், அந்தப் பிள்ளைக்கும், அவளைக் கூட்டிவந்த தாய்க்கும் எங்கள் நன்றி. வகுப்பு நிர்வாகம் அனுப்பிய மலர்வளையத்தில் 'நல்லாசிரியை' என்று எழுதியிருந்தது. அதைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். உங்களுக்கு நன்றி இல்லை.

அக்காவிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இனிக் கேட்க அவர் இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தம்பி