திருடுபோன ஒன்றரை மணி நேரம்

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்து எங்கள் கெடா மாநிலத்துக்குள் நுழைந்த கையோடு எங்கள் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தான். இனி எல்லோருக்கும் டோக்கியோ மணிதான் என்று உத்தரவு. தோட்டத்தில் பெரட்டு மணி அடிக்கும்போது கும்மிருட்டாக இருக்கும். ஆட்கள் தட்டுத் தடுமாறி வந்து பெயர் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. நம்மிடமிருந்து எடுத்த ஒன்றரை மணி நேரத்தை அவன் எங்கே கொண்டுபோய் வைத்தான் என்று அக்காவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

"அது செத்தவங்களுக்குப் போயிருச்சு," என்றாள் அக்கா. அவளுக்குப் பதினொன்று. பொய் சொல்வதில் கெட்டிக்காரி. அவள் பொய்களுக்கு முதல் ஆளாக மயங்குகிறவள் நான்.

மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரிக்கும் நேரமெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓர் ஊரைக் கட்டினோம். விடியும் முன் ரப்பர் மரங்களுக்கு நடுவே நிற்குமே பனி, அது அந்த ஊரில் எப்போதும் நிற்கும். சாமிகளிடம் டோக்கியோ மணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதனால் எல்லாச் சாமிகளும் பழைய மணிப்படி அங்கேயே இருந்தார்கள். மாரியம்மன் ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆத்மாக்களுக்குக் கால் உண்டு, காலடிச் சத்தம்தான் கிடையாது. எல்லையில் முனியாண்டி சாமி வாயில் சுருட்டோடு நின்று பெரட்டு எடுப்பார்.

அங்கே ஒரு சட்டமும் இருந்தது. வீட்டில் ஓர் ஆளுக்கு இலை போட்டுப் படைத்து, காக்கை வந்து சோற்றை எடுத்துவிட்டால், முனியாண்டி அவரை உள்ளே விடுவார். அப்புறம் வெளியே வர முடியாது. படைக்காத ஆளை, "போ, ஒனக்கு இங்க பேரு இல்ல," என்று விரட்டிவிடுவார். விரட்டப்பட்டவர் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். அப்பாவை மனதில் வைத்துத்தான் அக்கா அந்தச் சட்டத்தைப் போட்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு சேதியும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தையின் புருஷனும் அப்படிப் போனவர்தான். அத்தை அவருக்குப் படைத்து முடித்துவிட்டு அம்மாவை அரித்துக்கொண்டிருந்தாள்.

"பசியோட அலையுற ஆவிடி அது. படைச்சு அனுப்பிரு."

"உசுரோட இருக்கிற மனுஷனுக்கு எப்படி அண்ணி எல போடுறது?"

செத்திருந்தால் பட்டினி போடுகிறோம், உயிரோடு இருந்தால் நாமே கொன்றுவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் அம்மா இளைத்துத் துரும்பாகிவிட்டாள். கடைசியில் ஒருநாள் சுங்கைப் பட்டாணி டவுனுக்கு நடந்தே போய், தன் கூரைப் புடவையைக் கொடுத்து இரண்டு சுண்டு அரிசியும் ஒரு துண்டு கருவாடும் வாங்கி வந்தாள். அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. அது வேகும் வாசனையில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பன்னிரண்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் இலை போட்டார்கள். அத்தை "கா, கா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஒரு காக்கையும் வரவில்லை. "வரும், வரும்," என்றுவிட்டு அவள் வேலைக்குப் போனாள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா என் காதருகே வந்தாள். "இப்ப வராதுடி. அங்க மணி பத்தரதான். பழைய பன்னெண்டுக்குத்தான் வரும். அதுக்குள்ள எல காலியாயிருச்சுன்னா..."

அவள் முடிப்பதற்குள் என் கை இலையில் இருந்தது. அப்பாவைக் காப்பாற்றத்தான் தின்றேன் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதி பசி. முதல் கவளம் உள்ளே போனதும் அப்பா, முனியாண்டி, சயாம் எல்லாம் மறந்துபோயின.

நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள். முதுகுத்தோல் உரியப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அக்காவுக்கு ஓர் உருண்டை கொடுத்துவிட்டு, தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் கிழங்கு உரித்துக்கொண்டே பேசியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்கள் நிழல் காலடிக்குள் சுருங்கிய நேரத்தில் ஒரு காக்கை வந்து கிளையில் உட்கார்ந்தது. அம்மா வெறும் இலையைத் தூக்கி அதன் மேல் வீசினாள்.

"போ! இங்க யாரும் சாவல!"

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததைச் சொன்னார். கணக்குப் பார்த்தால், நாங்கள் இலை போட்டதற்கு மூன்று மாதம் முன்பே. அவர் எல்லையில் பசியோடு நின்ற நாளில் அவர் சோற்றை நான் தின்றிருக்கிறேன். இரண்டு நாள் நான் எதையும் வாயில் வைக்கவில்லை. அம்மாவிடம் காரணத்தைச் சொல்லி விக்கி விக்கி அழுதேன். அவள் தன் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைத் துடைத்தாள்.

"அவரே அன்னிக்கு வந்து நின்னிருந்தாலும், புள்ளைங்க சாப்டுச்சான்னுதான்டி மொத கேட்டிருப்பாரு."