பாதி யூரியா

செல்லம்பட்டிப் பக்கம் நல்லகாமனுக்கு மூன்று ஏக்கர் பருத்தி. அதுவும் பஸ் போகும் ரோட்டை ஒட்டி. அவருடைய கஷ்டமெல்லாம் அந்த ரோட்டால் வந்ததுதான். பஸ்ஸில் போகிறவன் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலை கொஞ்சம் வெளுத்தாலும் மானம் போனதாக நினைப்பார். விளைச்சலைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை, பச்சையைப் பற்றிப் பேசாத நாளும் இல்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோதுகூட யூரியா விழுந்த பயிரின் நிறத்தைத்தான் கேட்டு வாங்கினார்.

இன்னொரு குணமும் உண்டு. காலிச் சாக்கைத் தூக்கிப் போட மாட்டார். உதறி, மடித்து, மோட்டார் ரூமில் அடுக்கி வைப்பார். என்றைக்காவது உதவுமாம்.

போன ஆவணியில் விவசாய ஆபீஸர் சத்யப்ரியா வந்தார்.

"அண்ணே, வழக்கமா ஆறு மூட்டை யூரியா போடுவீங்கள்ல? இந்தத் தடவை மூணு போதும். மிச்சத்துக்கு மண்புழு உரம் போடுங்க. காய்ப்புல பார்ப்போம்."

அந்த உரம், நல்லகாமனின் மனைவி அழகம்மாளும் நாலு பெண்களும் சேர்ந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தொட்டி கட்டித் தயாரித்தது. இந்தத் தோட்டம் காய்த்துக் காட்டினால் ஊரே வாங்கும். இல்லையென்றால் தொட்டியை மூட வேண்டியதுதான்.

நல்லகாமன் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். சொன்னபடியே செய்தும் வந்தார். ஆனால் ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துப் பால்பாண்டி, "என்னண்ணே, பருத்தி சோகை பிடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தார். அவ்வளவுதான். அழகம்மாள் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பரங்குன்றம் போயிருந்த நாளில், மேற்கொண்டு மூன்று மூட்டை வாங்கி வந்து அதையும் இறைத்துவிட்டார்.

பருத்தி வளர்ந்தது பாருங்கள், ஆள் உயரம்! பஸ் டிரைவரே ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார். செடியோடு நின்று எடுத்த போட்டோவை நல்லகாமன் தினம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். ஆனால் போட்ட யூரியாவெல்லாம் இலைக்கே போனது; காய்தான் வரவில்லை. இலையை விலக்கிப் பார்த்தால் புழுக்கள் மட்டும் விருந்தாளிகள் மாதிரி சௌகரியமாக இருந்தன.

தை மாதம், விளைச்சலை ஊருக்குக் காட்டும் வயல் விழா. ஊரே வந்துவிட்டது. சத்யப்ரியா நாலைந்து செடிகளில் காயை எண்ணிவிட்டுப் பேனாவை மூடினார்.

"மூணு மூட்டைதானண்ணே போட்டீங்க?"

"ஆமா மேடம். நீங்க சொன்னபடிதேன்."

"மண்புழுக் குப்பையை நம்புனா இதேன் கதி" என்றார் பால்பாண்டி. கூட்டம் சிரித்தது. உரம் வாங்க வந்திருந்த இரண்டு பேர் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். நல்லகாமன் கணக்குப் போட்டார். வாயைத் திறந்தால் தன் மானம் போகும். திறக்காவிட்டால் பெண்டாட்டியின் உழைப்பு போகும். வாயை மூடிக்கொள்வதே உத்தமம் என்று நின்றார். வெட்கங்கெட்ட மனுஷன்.

வந்தவர்கள் உட்காரட்டும் என்று அழகம்மாள் மோட்டார் ரூமிலிருந்து ஒரு படுதாவை இழுத்து வந்து வேப்பமரத்தடியில் விரித்தாள். அங்கே அடுக்கியிருந்த யூரியாச் சாக்குகளைப் பிரித்து அவள் தைத்த படுதா. உட்காரப் போன சத்யப்ரியா அப்படியே நின்று எண்ணினார். ஆறு சாக்கு. ஆறிலும் இந்தப் பருவத்துத் தேதி.

நல்லகாமன் எண்ண வேண்டிய அவசியமில்லை. மடித்து வைத்ததே அவர்தானே.

"குப்பை மேல தப்பில்ல மேடம்" என்றார் நல்லகாமன். "நாந்தேன்... பச்சையா இருக்கட்டுமேன்னு இன்னொரு மூணு மூட்டையும் போட்டுப்புட்டேன்."

கிளம்பிய வண்டிகள் நின்றன.

"எல்லாரும் நல்லா உக்காருங்க" என்றாள் அழகம்மாள். "மூணு சாக்குன்னா இடம் பத்தியிருக்காது. எங்க வீட்டுக்காரர்தேன் உங்களுக்காக ஆறாக்கி வச்சிருக்காரு."