அமெரிக்கா தொடங்கும் தெரு

நாற்பத்தாறு வயதில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன் என்றதும் கனடாவில், நாங்கள் இருக்கும் வில்லரே பகுதியில் எங்கள் கீழ்வீட்டு அக்கா சிரித்துவிட்டார். சனிக்கிழமை வகுப்பு, பாடம் அமெரிக்காவும் உலகமும். கணக்கியல் படித்தாலும் பிரயோசனம் உண்டு என்றார். எனக்கு வேண்டிய பிரயோசனம் வேறு. என் தம்பி நியூஜெர்சியில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தான். அவனது அகதி வழக்குத் தோற்றுப்போன பிறகும் திருப்பி அனுப்பாமல், வருடாவருடம் குடிவரவு அலுவலகத்துக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று விட்டு வைத்திருந்தார்கள். எல்லையைத் தாண்டினால் திரும்ப வழியில்லை. அம்மாவுக்கோ அங்கே போக விசா மறுத்துவிட்டார்கள். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிற அம்மா, மகனைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். ஏற்கவும் மாட்டாமல் துரத்தவும் மாட்டாமல் ஒருவனை வைத்திருப்பது என்ன மாதிரியான நாடு என்ற ஆத்திரத்தில்தான் படிக்கப் போனேன்.

ஒப்பந்தங்களும் யுத்தங்களும் என் தலையில் அவ்வளவாக ஏறவில்லை. இலையுதிர்காலத்தில் பேராசிரியர் எங்களை எல்லைக் கிராமமொன்றுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். அங்கே ஒரு தெருவில் இந்தப் பக்க வீடுகள் கனடா, எதிர்ப்பக்க வீடுகள் அமெரிக்கா. இரு நாடுகளின் நட்பைப் பற்றி அவர் விளக்க, எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் தெருவின் அகலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி அந்தப் பக்கம் நின்றால் அம்மா குரலைக்கூட உயர்த்த வேண்டியிராது. இங்கும் அங்கும் நின்று கதைக்கலாமா என்று கேட்டேன். அவரவர் பக்கத்தில் நின்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு கிட்டவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தம்பி அடுத்த ஞாயிறு வருவதென்று முடிவாயிற்று. அம்மா புதுச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

வியாழன் காலை யாழ்ப்பாணத்தில் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் அண்ணன், அதனால் எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் சடங்கு கழியும்வரை கோயில் வாசல் மிதிக்க முடியாது.

"பேந்து, துடக்குக் கழியப் போவம், பிள்ளை. இத்தனை வருசத்துக்குப் பிறகு பாக்கிற பிள்ளைக்கு ஒரு அருச்சனை செய்து, திருநீறு கொண்டுபோகாமல் வெறுங்கையோட போறதே?"

"அம்மா, அவனுக்கும் துடக்குத்தானே. சும்மா பாத்திட்டு வருவம்."

"ரோட்டு எங்கையும் போகாது," என்றார்.

தம்பியும் ஓம் என்றான். அம்மாவின் விருப்பத்துக்கு அவன் எப்போதும் மாறு சொன்னதில்லை.

துடக்கு முடிய ஒரு வாரம் இருக்கையில், வழக்கம்போல முகம் காட்டப் போனவனை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். சட்டத்தரணிக்குப் போன் அடித்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விமானத்தில் ஏற்றி விட்டார்கள். கொழும்பிலிருந்து கூப்பிட்டு, சுகமாக வந்து சேர்ந்தேன் என்றான். எனக்கு அழுகைதான் வந்தது. அம்மாவின் உடம்புக்கு அவ்வளவு தூரம் பறக்க முடியாது, அவனை இங்கே வர யார் விடப்போகிறார்கள்?

அம்மா அழவில்லை, ஒருவரையும் ஏசவுமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், முப்பத்தொன்று முடிந்தும் போகவில்லை. இரண்டு மாதம் பொறுத்து ஒரு வெள்ளி கேட்டேன்.

"கோயிலுக்கு வாறியளோ, அம்மா?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

"நீ போயிட்டு வா. எனக்கு இன்னும் துடக்குக் கழியேல்லை."